அடிபெக் போகப் பணம் கட்டும் முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்

வருகிற நவம்பரில் அபுதாபியில் நடக்கிற அடிபெக் எண்ணெய், எரிவாயுக் கண்காட்சிக்குப் போகலாமா என்று நம் ராமநாதபுரம் பக்கத்தில் இருந்து இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் உச்சிப்புளியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி, இன்னொருவர் கடலுக்குள் இறங்கி வேலை பார்க்கும் ஆட்களைக் காண்டிராக்டில் அனுப்புகிற அண்ணன். இருவருக்கும் போனில் அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது, அதனால் முழுதாக எழுதிவைக்கிறேன். 2024 நவம்பரில் நான் தனியாகப் போனேன். இதையெல்லாம் எனக்குச் சொல்ல அப்போது ஆள் இல்லை. மொத்தம் கையை விட்டுப் போனது 1,65,000 ரூபாய்க்குப் பக்கம், அதில் 96,000 ரூபாய் சுத்தமாக ஏமாந்த பணம்.

என் பட்டறை தங்கச்சிமடத்தில் இருக்கிறது. அப்பா மர வள்ளம் கட்டியவர், நான் பைபர் (கண்ணாடி இழை) வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த 61 நாளும் படகுக்குப் பைபர் பூசுவதும் ஒட்டுவதுமாகச் சாப்பிட நேரம் இருக்காது. ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் காற்றில் ஈரம் ஏறி, பைபரை ஒட்டுகிற ரெசின் பசை ஒழுங்காக இறுகாது, வேலை படுத்துவிடும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் சில வருடங்களாக வேறு சாமான் செய்ய ஆரம்பித்தேன். வழுதூர் பக்கம் எரிவாயு வேலை எடுக்கிற ஒரு காண்டிராக்டர் வழியாகக் கேபிள் மூடிகளும், ஆள் நடக்கிற கிரேட்டிங் (கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள) பலகைகளும் செய்துகொடுத்தேன். நம் ஊர்க் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும், இரண்டு மழைக்காலத்தில் பெயிண்டுக்கு அடியில் உப்பு புகுந்து பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும். பைபருக்கு அந்த நோய் கிடையாது. கடல் நடுவே இருக்கிற எண்ணெய் மேடைகளில் இதைத்தான் போடுகிறார்கள், நீ ஒருதரம் அடிபெக் போய்ப் பார் என்று அங்கிருந்த இன்ஜினியர் ஒருவர் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடிபெக் என்பது எண்ணெய், எரிவாயு, இப்போது மற்ற எரிசக்தித் துறைகளும் சேர்ந்து கூடுகிற இடம். 1984ல் தொடங்கியது, அபுதாபி அரசின் எண்ணெய் நிறுவனமான அட்நாக்தான் முன்னின்று நடத்துகிறது, இடம் அட்னெக் என்கிற பெரிய கண்காட்சி வளாகம். நான் போன 2024ல் நவம்பர் 4 முதல் 7 வரை நடந்தது. ஸ்டால் போட்ட நிறுவனங்கள் மட்டும் 2,000க்கு மேல், வந்துபோனவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். கண்காட்சி வேறு, கருத்தரங்கு வேறு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பெரிய ஆட்கள் மேடையில் பேசுகிற கருத்தரங்குக்குத்தான் கட்டணம், அதுவும் பெரிய தொகை. ஸ்டால்களைச் சுற்றிப் பார்க்கத் தொழில்துறை ஆள் என்று அவர்கள் இணையதளத்தில் முன்கூட்டியே பதிந்தபோது என்னிடம் ஒரு காசும் கேட்கவில்லை. அதை நானே ஊரில் இருக்கும்போது செய்து முடித்திருந்தேன். அதற்குப் பிறகும் "டெலிகேட் பதிவு", அதாவது கலந்துகொள்கிறவர் பதிவு என்று ஒருவருக்கு 18,000 ரூபாய் கொடுத்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நடந்தது இதுதான். ஓட்டல் தேடும்போது ஏதோ ஒரு பக்கத்தில் என் மெயிலையும் போன் நம்பரையும் கொடுத்தேன். இரண்டாம் நாளே அடிபெக் சின்னம் போட்ட மெயில் வந்துவிட்டது, அதிகாரப்பூர்வப் பயண ஏற்பாட்டாளர் என்று. கண்காட்சிக்கு நடக்கிற தூரத்தில் ஓட்டல், ஐந்து இரவுக்கு 68,000. டெலிகேட் பதிவு 18,000. கலந்துகொள்கிற கம்பெனிகளின் பெயர், ஆள், போன் நம்பர் எல்லாம் உள்ள பட்டியல் 10,000. அப்புறம் ஒருவர் போனில் பேசினார், நல்ல தமிழில், மதுரைப் பேச்சு. "ரூம் போயிட்டே இருக்கு சார், சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க" என்று. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் நம்பிவிட்டேன். மனைவியின் சங்கிலியை பேங்கில் வைத்து 1,20,000 வாங்கினேன். முதலில் 68,000 அனுப்பினேன், மீதி 28,000 புறப்படுவதற்கு முந்தைய நாள், நவம்பர் 1ம் தேதி. கணக்கு எண்ணைப் போடும்போது என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, கம்பெனி பேரு ஒண்ணு, அக்கவுண்டு பேரு வேற யாரோ ஒரு ஆளு பேரா இருக்கே" என்று கேட்டாள். அதெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று வாயை அடைத்தேன். அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பணம் போகிற கணக்கின் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லை என்றால் அனுப்பாதீர்கள், எந்தச் சமாதானத்தையும் கேட்காதீர்கள். ஓட்டலுக்கான ஏற்பாடு அந்த நிகழ்ச்சியின் சொந்த இணையதளத்திலேயே இருக்கும், அதற்குள் போய்ப் பாருங்கள், மெயிலில் வருகிற இணைப்பைத் தொடாதீர்கள். அறை பதிந்ததற்கான வவுச்சர் தாள் கைக்கு வந்ததும் ஓட்டலுக்கே நேராகப் போன் போட்டு, உங்கள் பெயரைச் சொல்லி, ஓட்டலின் சொந்த உறுதி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கொடுத்த தாளில் இருந்தது ஏஜென்டின் எண் மட்டும்தான், அப்படி இரண்டு எண் இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. ஒரு ஐ.எஸ்.டி. காலுக்கு ஐம்பது ரூபாய் ஆகியிருக்குமா? பட்டியல் விற்கிறேன் என்று வருகிறவனிடம் பேசவே வேண்டாம். எந்தக் கம்பெனி எந்த ஹாலில் என்பது நிகழ்ச்சியின் தளத்திலேயே இலவசமாகக் கிடக்கிறது. எனக்கு வந்த பட்டியலில் நாற்பது நம்பருக்கு அடித்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் உயிரே இல்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அப்படியே பெட்டியோடு கிளம்பினேன். அப்போது பாம்பன் பழைய ரயில் பாலத்தை மூடி, புதுப் பாலம் திறக்காத நேரம், ரயில் மண்டபத்தோடு சரி, அதனால் பஸ் பிடித்துத் திருச்சி போய் அங்கிருந்து இரவு துபாய் விமானம். முதல் நாள் மாலை பெட்டி கட்டும்போது ஒன்று செய்தேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் அதற்கு வருவேன். சாம்பிளுக்கு என்று பார்த்துப் பார்த்துச் செய்த 38 மில்லிமீட்டர் கிரேட்டிங் பலகை பெட்டிக்குள் அடங்கவில்லை. முற்றத்தில் வைத்துக் கிரைண்டரால் இரண்டு பக்கமும் நறுக்கி, தூசியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன். ரெசினும் அதை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்டும் கூட ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுபோக நினைத்தேன், நண்பன் ஒருவன் தடுத்தான். கேட்டலிஸ்ட் தீப்பிடிக்கிற பெராக்சைடு, விமானத்தில் கொண்டுபோகவே கூடாது. யாரும் அந்தத் தப்பைச் செய்துவிடாதீர்கள்.

துபாயில் இறங்கி மெட்ரோவில் இப்னு பதூதா போய், இ101 பஸ்ஸில் 25 திர்ஹாமுக்கு அபுதாபி வந்து சேர்ந்தேன். இது நல்ல வழி, டாக்ஸிக்கு ஆகிற செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை, துபாய் பஸ், மெட்ரோவுக்கான நோல் கார்டு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டலுக்குப் போனபோது பிற்பகல் மூன்று மணி. வரவேற்பில் இருந்த பெண் என் பெயரை மூன்றுதரம் அடித்துப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்பா பெயரையும் அடித்தார். இல்லை. ஏஜென்ட் போன் அணைந்து கிடந்தது, வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி ஒரு டிக்கோடு நின்றது. அந்த ஓட்டலில் அன்று மிச்சமிருந்த அறை ஒரு இரவுக்கு 1,400 திர்ஹாம், நம் பணத்தில் 32,000 ரூபாய். அடிபெக் வாரத்தில் அந்த ஊரில் வாடகை அப்படித்தான் ஏறும். பெட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அந்த சோபாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை, அதனால் எழவே இல்லை. கடைசியில் எலெக்ட்ரா தெருப் பக்கம் அலைந்து 620 திர்ஹாமுக்கு ஒரு அறை கிடைத்தது, 14,000 ரூபாய்க்கு மேல். ராத்திரி மனைவி போன் செய்தாள். ரூம் நல்லா இருக்கு, நாளைக்குக் காலையில் போகணும் என்று சொல்லிவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தப் பொய்யை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், அதற்கும் ஒரு விலை இருந்தது. ஊருக்குத் திரும்பின பிறகுதான் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடித்தேன், ராமநாதபுரத்தில் சைபர் கிரைமில் புகார் கொடுத்தேன். அங்கே இருந்த அதிகாரி தேதிகளை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக அனுப்பிய 28,000 ரூபாயை, 3ம் தேதியே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கிலேயே நிறுத்தப் பார்த்திருக்கலாம் என்றார். கிடைத்திருக்கும் என்று உறுதி சொல்லவில்லை, பார்த்திருக்கலாம் என்றுதான் சொன்னார். நான் வெளிநாட்டில் இருந்தால் என்ன, என் மனைவி ஊரில்தானே இருந்தாள். அவளிடம் அன்று ராத்திரியே உண்மையைச் சொல்லியிருந்தால் 1930க்கு அவள் அடித்திருப்பாள், பேங்குக்கும் காலையில் போய் நின்றிருப்பாள். வெட்கத்தில் எட்டு நாள் போய்விட்டது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்தால் முதல் போன் வீட்டுக்குப் போடுங்கள். சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம், பணம் அனுப்பிய ரசீதில் உள்ள யு.டி.ஆர். என்கிற பரிமாற்ற எண் கையில் இருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் கண்காட்சி. ஒவ்வொரு ஹாலும் நம் மண்டபம் மீன்பிடித் துறைமுகத்தையே உள்ளே வைக்கலாம் போல இருந்தது. புது ஷூ போட்டுக்கொண்டு போய் மதியத்துக்குள் குதிகால் தோல் உரிந்துவிட்டது, பழகின செருப்பு மாதிரி ஷூவாகப் போட்டுக்கொண்டு போங்கள், தண்ணீரும் பிஸ்கட்டும் பையில் இருக்கட்டும், உள்ளே சாப்பாடு நமக்குக் கட்டுப்படியாகாது. முதல் நாள் கண்ணில் பட்ட ஸ்டாலுக்கெல்லாம் போய் அட்டையை நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இரண்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது, வால்வு விற்கிறவனிடமும் டிரில்லிங் மெஷின் விற்கிறவனிடமும் எனக்கு என்ன வேலை, பைபர் வாங்குகிறவன் யார் என்று பார்த்து அவனிடம்தானே போக வேண்டும். கடலில் எண்ணெய் மேடை கட்டிக்கொடுக்கிற காண்டிராக்ட் கம்பெனிகள் பதினோரு பேரைக் குறித்துக்கொண்டேன். இதை ஊரிலேயே தளத்தைப் பார்த்துச் செய்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மெயில் போட்டு நேரம் கேட்டிருக்க வேண்டும். அங்கே ஸ்டாலில் நிற்பவர்களில் பாதிப் பேர் விற்கிறவர்கள், வாங்குகிற பிரிவு ஆள் என்றைக்கு வருவார் என்று கேட்டுத்தான் பிடிக்க முடியும்.

அதில் ஒரு ஸ்டாலில் மலையாளி இன்ஜினியர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், பொறுமையாகப் பேசினார். சாம்பிளைக் கையில் வாங்கி, மேலே பார்க்கவில்லை, நேராக விளிம்பைப் பார்த்தார். நான் கிரைண்டரால் நறுக்கிய பக்கம். கட்டை விரலை அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்தார். இழுத்த விரலில் ஒரு பைபர் ஊசி ஏறி, வெள்ளையாக மினுங்கிக்கொண்டு நின்றது. நகத்தால் அதைப் பிடுங்கிக்கொண்டே, "வெட்டின எட்ஜ் சீல் செய்தில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பைபர் வேலை பார்க்கிறேன். வெட்டிய விளிம்பில் ரெசின் பூசாவிட்டால் அந்த வழியே தண்ணீர் ஏறி உள்ளே அடுக்கடுக்காகப் பிரித்துவிடும் என்று பட்டறைக்கு வருகிற பையனுக்கு நான்தான் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பேன். பெட்டி மூட வேண்டும் என்கிற அவசரத்தில் என் சாமானை நானே கெடுத்துக் கொண்டுபோயிருக்கிறேன். 96,000 போனதைவிட அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு அதிகமாக வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

அவர் திட்டவில்லை. தீச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேட்டார். ஏஎஸ்டிஎம் இ84 என்று ஒரு சோதனை, அதில் தீ பரவும் எண் 25க்குள் இருந்தால்தான் முதல் தரம் என்று எடுப்பார்களாம். அடுத்தது பாரப் பட்டியல், எத்தனை அடி இடைவெளியில் தாங்கு கொடுத்தால் எவ்வளவு எடைக்கு எத்தனை மில்லிமீட்டர் வளையும் என்று. நான் "நல்லா தாங்கும் சார்" என்றேன். மூன்றாவது ஐசிவி. அட்நாக் 2018ல் கொண்டுவந்த முறை இது, ஒரு சப்ளையர் தன் செலவில் எவ்வளவை அந்த நாட்டுக்குள் செய்கிறார் என்று கணக்குப் போட்டு ஒரு மதிப்பெண் கொடுப்பார்கள், டெண்டரில் அதையும் பார்ப்பார்கள். அங்கே கம்பெனி இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு அது கிடையாது. அதனால் நேராக அட்நாக்குக்கு விற்கலாம் என்கிற ஆசையோடு போகாதீர்கள், ஏற்கனவே அங்கே பதிந்து வேலை எடுக்கிற ஒரு கம்பெனிக்குச் சாமான் கொடுப்பதுதான் நமக்கு உள்ள வழி. இந்த மூன்றையும் என் அட்டையின் பின்பக்கத்தில் அவரே எழுதிக் கொடுத்தார். அந்த அட்டை இன்னும் பர்ஸில் இருக்கிறது.

தங்குவதற்கு வழி பிறந்தது ஒரு டீக்கடையில். கண்காட்சியின் முதல் நாள் சாயங்காலம் போனில் என் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நின்றவர், "தம்பி ராம்நாடா?" என்றார். கீழக்கரைக்காரர், அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் பார்க்கிறார், கூட இருந்தவர்கள் காக்கா (அண்ணன்) என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் யோசிக்கவே இல்லை. அவர் அறையில் ஒருவர் ஊருக்குப் போயிருந்ததால் ஒரு பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு ஆள் படுக்கிற இடம், காலியாக இருந்தது, நான்கு இரவும் அங்கேதான் படுத்தேன், காலையில் பஸ்ஸில் கண்காட்சிக்குப் போய்வந்தேன். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. "எங்க உம்மாகிட்ட இந்த மருந்தைக் கொடுத்துடுங்க தம்பி, அது போதும்" என்றார். கீழக்கரையில் அந்த வீட்டைத் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். நம் மாவட்டத்து ஆள் இல்லாத ஊர் வளைகுடாவில் கிடையாது, போவதற்கு முன்பே கேட்டு ஒரு போன் நம்பராவது வைத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சியில் இந்தியக் கம்பெனிகள் சேர்ந்து நிற்கிற இந்தியா பெவிலியனில் கோயம்புத்தூர் வால்வுக் கம்பெனிக்காரர் ஒருவரிடம் இரண்டு விஷயம் கற்றேன். ஒன்று, திரும்பிவந்த பிறகு "உங்கள் கம்பெனி விவரத்தை இலவசமாகத் திருத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு படிவம் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பொடி எழுத்தில் மூன்று வருடச் சந்தா ஒளிந்திருக்கும், யூரோவில் பில் வரும். உலகக் கண்காட்சி அமைப்பான யூஃபியே இதைப் பற்றிப் பல வருடமாக எச்சரித்துவருகிறது. எனக்கும் ஜனவரியில் வந்தது, கிழித்துப் போட்டேன். இன்னொன்று, உத்யம் என்கிற மத்திய அரசுப் பதிவு உள்ள சிறு தொழில்காரர்கள் அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாக ஸ்டால் போட்டால், மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் திட்டத்தில் ஸ்டால் வாடகைக்கும் விமானச் செலவுக்கும் உதவி உண்டு. போவதற்குப் பல மாதம் முன்பே கேட்க வேண்டும். சென்னையில் உள்ள ஈஈபிசி என்கிற பொறியியல் ஏற்றுமதி வளர்ச்சிக் கழக அலுவலகத்தில் விசாரியுங்கள். மெஷின் ஏதாவது காட்டக் கொண்டுபோகிறவர்கள் ஃபிக்கி என்கிற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு வழங்குகிற ஏடிஏ கார்னே பற்றியும் கேளுங்கள், சுங்கத்தில் வரி கட்டாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர அதுதான் தாள்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகவில்லை, நவம்பர் 20ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து பைபர் மேட் சுருள்கள் நனைந்துவிட்டன, அது தனி நஷ்டம். அந்த மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் 2025 பிப்ரவரியில் டெல்லியில் இந்தியா எனர்ஜி வீக் நடந்தது, துவாரகாவில் யசோபூமி என்கிற இடத்தில். 2023ல் பெங்களூரில் ஆரம்பித்தது, அடுத்த வருடம் கோவா, அப்புறம் டெல்லி, 2026 ஜனவரியில் மறுபடி கோவா. நான் டெல்லிக்கு ரயிலில் போனேன், போகவர, தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். விசா வேண்டாம், விமானம் வேண்டாம், பேசுகிறவர்களும் கிட்டத்தட்ட அதே கம்பெனிகளின் இந்தியப் பிரிவு ஆட்கள். உச்சிப்புளித் தம்பிக்கு நான் சொல்வது இதுதான், முதலில் இதற்குப் போய் யார் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பதில் தயார் பண்ணிக்கொண்டு அபுதாபி போ. டெல்லிக்கு முன்னால் கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட்டில் வளைவு வலிமைச் சோதனை எடுத்து அறிக்கை வாங்கியிருந்தேன். சாம்பிளைப் பெட்டி அளவுக்கே அச்சு போட்டு வார்த்தேன், வெட்டு ஒன்றும் இல்லை. ஒரு காண்டிராக்டர் பன்னிரண்டு சதுர மீட்டர் சோதனைக்கு என்று எடுத்தார், சின்ன ஆர்டர்தான், பணம் வந்துவிட்டது. தீச் சோதனைக்கு இன்னும் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சங்கிலியைச் சித்திரையில் மீட்டாகிவிட்டது.

நவம்பர் போக முடிவு செய்திருப்பவர்கள் பணம் அனுப்பும் முன்னால் அந்த மெயிலையும் வவுச்சரையும் எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வாருங்கள். ஓட்டலுக்குப் போன் போட்டு இங்கிலீஷில் பேசத் தயக்கம் இருந்தால் சேர்ந்து உட்கார்ந்தே பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன். வரும்போது வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கணக்குப் பெயரை அவர்கள் ஒருதரம் பார்க்கட்டும்.